பெரிய அரங்குக்கு வைஃபை: டைரக்‌ஷனல் ஆன்டெனாவை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நெட்வொர்க் வேலைக்குப் புதிதாக வருபவர்களிடம், சிக்னலை ஒரு பக்கமாகக் குவிக்கும் டைரக்‌ஷனல் ஆன்டெனா எதற்கு என்று கேட்டால், "சிக்னலைத் தூரமாக அனுப்ப" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். இரண்டு கட்டடங்களுக்கு இடையே லிங்க் போடுபவருக்கு அது சரியான பதில். நூற்றுக்கணக்கான பேர் ஒரே கூரையின் கீழ் போனும் லேப்டாப்புமாக உட்காரும் இடத்தில் கதையே வேறு. அங்கே சிக்னல் போகக் கூடாத இடத்துக்குப் போகாமல் இருக்கவும், கேட்க வேண்டாத பேச்சு ஏபியின் (அக்சஸ் பாயின்ட், வைஃபை சிக்னலைக் கொடுக்கும் பெட்டி) காதில் விழாமல் இருக்கவும்தான் இந்த ஆன்டெனாவை வாங்குகிறோம். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற முடிவுகள் எளிதாகிவிடும்.

கணக்குப் போட வசதியாக ஓர் அரங்கை எடுத்துக்கொள்வோம். நீளம் 30 மீட்டர், அகலம் 24 மீட்டர், கூரை உயரம் 10 மீட்டர், இருக்கைகள் 800. கல்லூரி ஆடிட்டோரியம், மாநாட்டுக் கூடம் என்று எதுவாகவும் இருக்கலாம்.

ஏன் எல்லை கட்ட வேண்டும்

வைஃபையில் ஒரு சானலில், அதாவது அலைவரிசையின் ஒரு துண்டில், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பேசுவதற்கு முன் ஒவ்வொரு கருவியும் காது கொடுத்துக் கேட்கும். யாராவது பேசிக்கொண்டிருந்தால் காத்திருக்கும். வகுப்பில் ஒரு மாணவன் பேசி முடித்த பிறகு அடுத்தவன் பேசுவது போலத்தான். சிக்கல் என்னவென்றால், எவ்வளவு மெல்லிய குரல் கேட்டாலும் காத்திருக்க வேண்டும் என்பது இங்கே விதி. 20 மெகாஹெர்ட்ஸ் சானலில் மைனஸ் 82 டிபிஎம் (சிக்னலின் பலத்தைச் சொல்லும் அலகு; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் மெலிது) அளவில் ஒரு வைஃபை சிக்னல் வந்தால்கூட வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்கிறது தரநிலை. அந்த அளவு சிக்னலை வைத்து உருப்படியாக ஒரு வீடியோகூடப் பார்க்க முடியாது. ஆனாலும் அது உங்கள் ஏபியைப் பேசவிடாமல் நிறுத்தி வைக்கும்.

ஒரே சானலில் இருக்கும் இரண்டு ஏபிக்கள் ஒன்றையொன்று கேட்டால், அவை இரண்டும் சேர்ந்து ஒரு ஏபியின் வேலையைத்தான் செய்யும். கூடுதலாக ஏபி மாட்டியும் வேகம் கூடவில்லை என்று பலர் புலம்புவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

முதலில், இது தேவைதானா என்று பாருங்கள்

மூன்று மீட்டர் உயர ஃபால்ஸ் சீலிங், நடுவில் கண்ணாடி அறைகள், ஐம்பது அறுபது பேர். இப்படிப்பட்ட அலுவலகத்துக்கு டைரக்‌ஷனல் ஆன்டெனா வேண்டவே வேண்டாம். உள்ளேயே ஆன்டெனா வைத்து வரும் சாதாரண ஏபி போதும். சுவர்களும் மனிதர்களும் சேர்ந்து எல்லையைத் தாமாகவே போட்டுவிடுவார்கள்.

தேவைப்படும் இடங்கள் வேறு. கூரை ஆறேழு மீட்டருக்கு மேல் போகும் இடங்கள், தடுப்பே இல்லாத பெரிய கூடங்கள், ஏபியைச் சுவரில் மட்டுமே மாட்ட முடிகிற பழைய கட்டடங்கள், உயரமான ரேக்குகளுக்கு நடுவே நீண்ட சந்துகள் ஓடும் கிடங்குகள், விளையாட்டு அரங்குகள். உயரத்தில் மாட்டிய சாதாரண ஏபி கீழே இருப்பவர்களைவிடப் பக்கத்தில் இருக்கும் ஏபியைத்தான் நன்றாகக் கேட்கும். நடுவில் தடுப்பு ஒன்றுமில்லை, இரண்டும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு இருக்கின்றன.

ஆன்டெனா கேட்லாக்கைத் திறக்கும் முன் ஆட்களை எண்ணுங்கள்

800 இருக்கை. ஒருவருக்கு ஒரு போன், சிலரிடம் லேப்டாப்பும் சேர்த்து 1.2 கருவி என்று வைத்தால் 960. கருத்தரங்கு நடக்கும் இடம் என்றால் 1.5 என்று வையுங்கள். கூட்டம் நிறைந்த இடத்தில் ஒரு ரேடியோவுக்கு (ஏபிக்குள் சிக்னலை அனுப்பிப் பெறும் பகுதி) நூறு கருவி என்பது தொடங்குவதற்கு நியாயமான கணக்கு. ஏபி பெட்டியில் 500, 1000 என்று போட்டிருப்பது எத்தனை கருவி இணையலாம் என்பதற்கான எண். எத்தனை பேர் நிம்மதியாக வேலை பார்க்கலாம் என்பதற்கு அதை நம்பக் கூடாது.

ஆக ஒன்பது பத்து ரேடியோக்கள் வேண்டும், ஏபிக்கு ஒன்று என்று வைத்தால் ஒன்பது பத்து ஏபி. இவற்றை 5 கிகாஹெர்ட்ஸில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலச் சானல்களில் ஓட்டுங்கள். வைஃபை 6 போன் ஒன்று இரண்டு ஸ்ட்ரீமில் (ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு டேட்டா ஓட்டம்) 20 மெகாஹெர்ட்ஸில் அதிகபட்சம் 287 எம்பிபிஎஸ் வரை பேசும், அது தாராளம். இங்கே 80 மெகாஹெர்ட்ஸ் வைப்பது நான்கு சானல்களை ஒருவருக்கே எழுதிக் கொடுப்பதற்குச் சமம். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். ஒன்பது ஏபிக்கு மூன்று சானல் என்றால் சண்டைதான் மிஞ்சும், அதனால் பெரும்பாலான ஏபிக்களில் அந்த ரேடியோவை அணைத்துவிடலாம்.

இந்தியாவில் 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமம் இல்லாத பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது. அதில் 20 மெகாஹெர்ட்ஸ் சானல்கள் இருபதுக்கும் மேல் கிடைக்கும். நம் ஒன்பது ஏபிக்கும் ஆளுக்கு ஒரு சானல் கொடுத்துவிடலாம்.

அப்படியானால் டைரக்‌ஷனல் ஆன்டெனா எதற்கு என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இந்த அரங்கு தனியாக நிற்பதில்லை. பக்கத்தில் வராண்டா, மேலே பால்கனி, எதிரே இன்னொரு கூடம், மாடியில் அலுவலகம் எல்லாம் அதே சானல்களைத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அரங்கின் சிக்னல் அரங்கோடு நின்றால்தான் அவர்களுக்கும் சானல் மிஞ்சும். அப்புறம், பத்து மீட்டர் உயரத்திலிருந்து ஒவ்வொரு ஏபியும் தன் பகுதி ஆட்களை மட்டும் பிடித்தால்தான் ஒன்றில் இருநூறு பேர், இன்னொன்றில் இருபது பேர் என்று சாயாமல் இருக்கும்.

உயரத்தையும் பீம் அகலத்தையும் பொருத்துங்கள்

என்னைக் கேட்டால், மொத்தத் தேர்விலும் முக்கியமான இடம் இதுதான். இதற்குப் பள்ளிக்கூட டிரிக்னாமெட்ரி போதும்.

டேட்டாஷீட்டில் பீம் அகலம், அதாவது ஆன்டெனாவிலிருந்து விரியும் சிக்னல் கற்றையின் அகலம், என்று டிகிரியில் ஒரு எண் இருக்கும். நடுவில் இருக்கும் பலத்திலிருந்து 3 டெசிபெல், அதாவது பாதி, குறையும் இரண்டு பக்க விளிம்புகளுக்கும் இடையே உள்ள கோணம் அது. ஆன்டெனாவை நேர் கீழே பார்க்கும்படி மாட்டினால் தரையில் விழும் வட்டத்தின் விட்டம் இப்படி வரும்: உயரத்தை இரண்டால் பெருக்கி, அதைப் பீம் அகலத்தின் பாதிக் கோணத்தின் டேன்ஜென்ட்டால் பெருக்க வேண்டும்.

உயரம் என்றால் கூரையிலிருந்து தரை வரை அல்ல. உட்கார்ந்தவர் கையில் இருக்கும் போன் தரையிலிருந்து ஒரு மீட்டர் மேலே இருக்கும், ஆகவே 10 மீட்டர் கூரைக்கு 9 மீட்டர். 60 டிகிரி ஆன்டெனாவுக்குப் பாதிக் கோணம் 30, அதன் டேன்ஜென்ட் 0.577. வட்டத்தின் விட்டம் 10.4 மீட்டர். 30 டிகிரி ஆன்டெனாவுக்கு 0.268, விட்டம் 4.8 மீட்டர்.

10.4 மீட்டர் வட்டத்தின் பரப்பு சுமார் 85 சதுர மீட்டர். அரங்கின் பரப்பு 720. வகுத்தால் எட்டரை. மூன்று வரிசையில் மூன்று மூன்றாக, நீளவாக்கில் 10 மீட்டருக்கு ஒன்று, அகலவாக்கில் 8 மீட்டருக்கு ஒன்று என்று ஒன்பது மாட்டினால் அரங்கு நிறைந்துவிடும். ஓர் ஏபிக்கு 89 இருக்கை. ஆட்களை எண்ணி வந்த கணக்கும் கோணத்தை வைத்து வந்த கணக்கும் ஒன்பதிலேயே வந்து நிற்கின்றன. இப்படி இரண்டும் ஒத்துப்போகும் ஆன்டெனாதான் உங்கள் இடத்துக்கு ஏற்றது.

இதே அரங்குக்கு 30 டிகிரி வாங்கினால் நாற்பது ஏபி வேண்டும், அத்தனை சானல் இல்லை. கூரை 20 மீட்டருக்குப் போனால் 60 டிகிரி வட்டத்தின் விட்டம் 22 மீட்டராக விரிந்துவிடும், அப்போது 30 டிகிரிதான் சரி. உயரம் கூடக் கூடப் பீம் குறுக வேண்டும்.

கெயின் என்று டிபிஐயில் (எல்லாப் பக்கமும் சமமாகப் பேசும் ஆன்டெனாவைவிட எத்தனை டெசிபெல் பலம் என்ற கணக்கு) வரும் எண்ணை இதற்குப் பிறகு பாருங்கள். ஆன்டெனா புதிதாகச் சக்தி எதையும் உண்டாக்குவதில்லை, இருப்பதை ஒரு பக்கமாகக் குவிக்கிறது. பீம் குறுகினால் கெயின் தானாகக் கூடும். 60 டிகிரிக்கு 7, 8 டிபிஐ என்றும், 30 டிகிரிக்கு 13 டிபிஐ அளவிலும் சந்தையில் கிடைக்கும். கெயின் அதிகமாக இருப்பது நல்லது என்று விற்பவர் சொன்னால், "எத்தனை டிகிரி?" என்று திருப்பிக் கேளுங்கள்.

கெயினால் வரும் உண்மையான லாபம் ஒன்று உண்டு. அது இரண்டு திசையிலும் வேலை செய்கிறது. ஏபியின் பவரைக் கூட்டினால் ஏபி பேசுவது மட்டும்தான் பலமாகக் கேட்கும், போன் பேசுவது அப்படியேதான் இருக்கும். ஆன்டெனாவில் 7 டிபிஐ இருந்தால் போனிலிருந்து வரும் மெல்லிய சிக்னலும் அதே 7 டெசிபெல் பலமாகக் கேட்கும்.

டேட்டாஷீட்டில் எங்கே பார்க்க வேண்டும்

பீம் அகலத்துக்கு இரண்டு எண் கொடுத்திருப்பார்கள். ஒன்று கிடைமட்டம், இன்னொன்று செங்குத்து. இரண்டும் ஒன்றாக இருந்தால் தரையில் வட்டம் விழும். 120, 60 என்று மாறியிருந்தால் நீள்வட்டம் விழும். நீண்ட வரிசைகளுக்கும் கிடங்குச் சந்துகளுக்கும் அது உதவும், ஆனால் மாட்டும்போது ஆன்டெனாவை 90 டிகிரி திருப்பி வைத்துவிட்டால் எல்லாம் தலைகீழாகிவிடும். எந்தப் பக்கம் எது என்பதை ஏணியில் ஏறும் முன்பே ஆன்டெனாவின் முதுகில் மார்க்கரால் எழுதிவிடுங்கள்.

அடுத்து, பட்டைக்குப் பட்டை எண் மாறும். ஒரே ஆன்டெனா 2.4 கிகாஹெர்ட்ஸில் 75 டிகிரியும் 5 கிகாஹெர்ட்ஸில் 60 டிகிரியும் காட்டலாம். அரங்கு ஓடப்போவது 5-இல் என்றால் அந்த வரிசையைத்தான் படிக்க வேண்டும்.

வட்டமாக வரைந்த பேட்டர்ன் படத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நடுவிலிருந்து வெளி வளையம் வரை டெசிபெல் அளவு குறித்திருக்கும். பெரிய இதழ்தான் முக்கிய பீம். அதற்குப் பக்கவாட்டிலும் பின்னாலும் சின்னச் சின்ன இதழ்கள் முளைத்திருக்கும். நான் ஆன்டெனா தேர்ந்தெடுக்கும்போது அதிக நேரம் பார்ப்பது இந்தச் சின்ன இதழ்களைத்தான். 90 டிகிரி பக்கத்தில் விரலை வைத்து, அந்த இடம் உச்சத்தைவிட எத்தனை டெசிபெல் கீழே இருக்கிறது என்று படியுங்கள். பக்கத்து ஏபி இருப்பது அந்தத் திசையில்தான்.

அது எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்று போட்டுப் பார்க்கலாம். ஒரே சானலில் இருக்கும் இரண்டு ஏபிக்கள் 8 மீட்டர் தள்ளி இருக்கின்றன, பவர் 11 டிபிஎம். 5.5 கிகாஹெர்ட்ஸில் 8 மீட்டர் தூரத்தில் சிக்னல் 65 டெசிபெல் இழக்கும். பக்கவாட்டில் 4 டிபிஐ கொடுக்கும் சாதாரண ஆன்டெனா இரண்டிலும் இருந்தால், ஒன்றின் சத்தம் மற்றதில் மைனஸ் 46 டிபிஎம் அளவில் கேட்கும். உச்சத்தில் 7 டிபிஐ, பக்கவாட்டில் அதைவிட 17 டெசிபெல் கீழே, அதாவது மைனஸ் 10 டிபிஐ கொடுக்கும் ஆன்டெனா என்றால் மைனஸ் 74. வித்தியாசம் 28 டெசிபெல்.

நல்ல முன்னேற்றம், ஆனால் மைனஸ் 74 என்பது மைனஸ் 82-ஐவிடப் பலமானதுதான், எனவே இரண்டும் இன்னும் ஒன்றுக்கொன்று காத்திருக்கும். சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் சிக்னலையும் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம். போதாததற்கு, போனில் இருக்கும் ஆன்டெனா எல்லாப் பக்கமும் பேசும். ஏபியைக் கட்டிப்போடலாம், போனைக் கட்டிப்போட முடியாது. அதனால்தான் ஒரே திறந்த அரங்குக்குள் ஒரே சானலை இரண்டு முறை வைக்காதீர்கள் என்கிறேன். டைரக்‌ஷனல் ஆன்டெனா வாங்கிவிட்டோம், இனி சானலை எப்படி வேண்டுமானாலும் திரும்ப வைக்கலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

மேலிருந்தா, சுவரிலிருந்தா, அடியிலிருந்தா

முடிந்தவரை மேலிருந்து நேர் கீழே. சிக்னல் மனிதர்களின் உடலைக் கடக்காமல் கைக்கு வரும் வழி இதுதான். ஓர் உடலைக் கடந்தால் 3 முதல் 5 டெசிபெல் போய்விடும். நிறைந்த அரங்கில் பக்கவாட்டிலிருந்து வரும் சிக்னல் எத்தனை உடலைக் கடக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

கூரையில் மாட்ட விடமாட்டோம் என்று கட்டட நிர்வாகம் சொல்வது உண்டு. சுவரில் 6 மீட்டர் உயரத்தில் மாட்டி, 12 மீட்டர் தள்ளி இருக்கும் இருக்கைகளைக் குறி வைப்பதாக எடுத்துக்கொள்வோம். போன் மட்டத்திலிருந்து உயரம் 5 மீட்டர், கீழ்நோக்கிய சாய்வு சுமார் 23 டிகிரி. 30 டிகிரி பீம் என்றாலும் அதன் கீழ் விளிம்பு 38 டிகிரியில் இறங்கி ஆறு மீட்டருக்குச் சற்றுத் தள்ளி விழும். மேல் விளிம்பு 8 டிகிரியில் போய் 35 மீட்டர் தாண்டித்தான் இறங்கும். அரங்கின் நீளமே 30 மீட்டர்தான்! 60 டிகிரி பீம் என்றால் மேல் விளிம்பு தரையில் விழவே விழாது, எதிர்ச் சுவரில் போய் அடிக்கும். சாய்வு குறையக் குறைய எல்லை கையை விட்டுப் போய்விடும். சுவர்தான் வழி என்றால், உயரமாக மாட்டி, குறுகிய பீமாக எடுத்து, நன்றாகக் குனிய வைத்து, பக்கத்து வரிசைகளை மட்டும் பாருங்கள்.

மூன்றாவது வழி இருக்கைக்கு அடியில். கலிஃபோர்னியாவின் சான்டா கிளாராவில் 2014-இல் திறந்த லீவைஸ் ஸ்டேடியம் இதற்குப் பெயர் போனது. திறந்தபோது சுமார் 68,500 இருக்கைகள், 1,200 அளவில் அருபா நிறுவனத்தின் ஏபிக்கள், அவற்றில் பல இருக்கைகளுக்கு அடியில். இந்த முறையில் கூட்டத்தின் உடலே சுவராகிறது, சிக்னல் சில வரிசைகளுக்கு மேல் போகாது. ஆனால் தரையில் துளை போட்டு ஒவ்வொரு இடத்துக்கும் கேபிள் இழுக்க வேண்டும். கட்டும்போதே திட்டமிட்டால் நல்லது, கட்டி முடித்த அரங்குக்கு ரொம்பச் செலவு.

ஏபி, கனெக்டர், கேபிள்

வெளி ஆன்டெனா மாட்டும் வசதி எல்லா ஏபியிலும் இருக்காது, அதற்குத் தனி மாடல் வரும். நான்கு ரேடியோ செயின் (ஒரே ரேடியோவுக்குள் தனித்தனியாக அனுப்பிப் பெறும் பாதை) உள்ள ஏபி என்றால் உள்ளே நான்கு எலிமென்ட் உள்ள ஆன்டெனா வேண்டும், நான்கு கேபிளும் மாட்டப்பட வேண்டும். நான்கு கேபிளையும் நான்கு திசைக்கு நான்கு ஆன்டெனாவில் மாட்டி "ஒரே ஏபியில் நாலு அறை" என்று சிக்கனம் பிடிக்காதீர்கள். நான்கு செயினும் ஒரே இடத்தைப் பார்த்தால்தான் மைமோ (பல ஆன்டெனாக்களில் ஒரே நேரத்தில் பேசும் முறை) வேலை செய்யும். போனை எந்தப் பக்கம் சாய்த்துப் பிடித்தாலும் சிக்னல் விழாமல் இருக்க, ப்ளஸ் மைனஸ் 45 டிகிரி இரட்டைப் போலரைசேஷன் (அலை அதிரும் திசை) உள்ளதாக எடுங்கள்.

கனெக்டர் ஆர்பி-டிஎன்சியா, என் டைப்பா என்பதை ஆர்டர் போடும் முன் இரண்டு டேட்டாஷீட்டையும் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள். கேபிள் நீளம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. மெல்லிய எல்எம்ஆர்-195 கேபிள் 3 மீட்டர் போனால் 5.8 கிகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 3 டெசிபெல் போய்விடும், பாதி சக்தி கேபிளிலேயே கரைந்துவிடும். தடித்த எல்எம்ஆர்-400 அதே தூரத்துக்கு ஒரு டெசிபெல்லுக்குச் சற்று மேல்தான் இழக்கும். ஏபியை ஆன்டெனாவின் முதுகிலேயே மாட்டி, ஈதர்நெட் கேபிளை நீளமாக இழுப்பதுதான் சரியான முறை.

6 கிகாஹெர்ட்ஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிசியின் விதிப்படி, குறைந்த பவரில் உள்ளரங்கில் ஓடும் 6 கிகாஹெர்ட்ஸ் ஏபியில் கழற்றி மாட்டும் ஆன்டெனா கூடாது, உள்ளேயே பொருத்தியிருக்க வேண்டும். நாட்டுக்கு நாடு விதி மாறும். அந்தப் பட்டை வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டால், எந்த நாட்டுக்கு எந்த ஏபியும் ஆன்டெனாவும் ஜோடியாக அனுமதி பெற்றிருக்கின்றன என்று பார்த்த பிறகு வாக்குக் கொடுங்கள்.

பவரும் மற்ற அமைப்புகளும்

கன்ட்ரோலரில் (எல்லா ஏபிக்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிப்பது) ஆன்டெனா கெயினைச் சரியாகப் பதிவு செய்யுங்கள். ஏபியின் பவரிலிருந்து கேபிள் இழப்பைக் கழித்து, கெயினைக் கூட்டினால் வருவதுதான் காற்றில் போகும் பவர். சட்ட வரம்பு பார்ப்பது அதைத்தான்.

நம் அரங்கில் 11 டிபிஎம், 7 டிபிஐ. நேர் கீழே 9 மீட்டரில் இழப்பு 66 டெசிபெல், போன் இருக்கும் இடத்தில் மைனஸ் 48 டிபிஎம் கிடைக்கும். பீமின் விளிம்பில் இன்னும் நான்கு டெசிபெல் குறையும். கை, உடல் மறைப்பதற்குப் பத்துப் போனால்கூட மைனஸ் 62. மைனஸ் 65 போதும் என்ற இலக்குக்கு இது தாராளம். போன்கள் பேசும் பவரும் ஏறத்தாழ இந்த அளவில்தான் இருக்கும், அதனால் இதற்கு மேல் ஏற்ற வேண்டாம். கன்ட்ரோலரைத் தானாகப் பவரை மாற்ற விடுவதாக இருந்தால் மேல் வரம்பு ஒன்றைக் கட்டாயம் போட்டு வையுங்கள்.

குறைந்தபட்ச வேகத்தை 12 அல்லது 24 எம்பிபிஎஸ் என்று வையுங்கள். எஸ்எஸ்ஐடி (போனில் தெரியும் வைஃபை பெயர்) மூன்றுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றும் நொடிக்குப் பத்து முறை பீக்கன் ("இங்கே இருக்கிறேன்" என்ற அறிவிப்பு) அனுப்பி நேரத்தைத் தின்னும்.

வாங்கும் முன் ஒன்று, மாட்டிய பின் ஒன்று

ஒன்பதுக்கும் ஆர்டர் போடும் முன் ஓர் ஆன்டெனாவைக் கடன் வாங்கியாவது கூரையில் தொங்கவிட்டுப் பாருங்கள். கேட்வாக், லைட் கம்பி எதில் வேண்டுமானாலும் கட்டலாம். ஏசி டக்ட், இரும்புத் தகடு, புரொஜெக்டர் எதுவும் பீமுக்குள் வரக் கூடாது. உலோக சீலிங்குக்கு மேலே ஆன்டெனாவை ஒளித்து வைக்கச் சொன்னால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். எகாஹாவ், ஹமினா போன்ற டிசைன் மென்பொருளில் பேட்டர்னை ஏற்றி முன்கூட்டியே வரைந்து பார்ப்பது நல்லது, ஆனால் நேரில் அளப்பதற்கு அது ஈடாகாது.

அளக்கும்போது நாற்காலியில் உட்கார்ந்து, போனை மடியில் வைத்து அளங்கள். பீமுக்கு நேர் கீழே ஒரு முறை, விளிம்பில் ஒரு முறை. அதன் பிறகு பீமைத் தாண்டி வெளியே நடங்கள். இரண்டு வட்டம் தள்ளி எவ்வளவு குறைகிறது, வராண்டாவில் எவ்வளவு கேட்கிறது, பால்கனியில் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதைவிட, வெளியே எவ்வளவு வேகமாகச் சரிகிறது என்பதுதான் இந்த ஆன்டெனா சரியா தவறா என்று சொல்லும்.

மாட்டி முடித்ததும் ஒவ்வொரு ஆன்டெனாவின் சாய்வையும் போனில் இருக்கும் லெவல் ஆப் வைத்துப் பார்த்து எழுதி, படமெடுத்து வையுங்கள். பெயின்ட் அடிக்க வருபவர் கை பட்டுத் திரும்பினால் எங்கே இருந்தது என்று தெரிய வேண்டும். கடைசியாக, அரங்கு நிறையும் முதல் நிகழ்ச்சி அன்று அங்கேயே இருங்கள். ஒவ்வொரு ஏபியிலும் எத்தனை கருவிகள், சானல் எத்தனை சதவீதம் பரபரப்பாக இருக்கிறது என்ற இரண்டு எண்களைக் கால் மணி நேரத்துக்கு ஒரு முறை எடுங்கள். ஓர் ஏபியில் மட்டும் கூட்டம் குவிந்தால் அதன் பவரை இரண்டு டெசிபெல் இறக்கிப் பாருங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் சாய்வைப் பாருங்கள்.